கல்லறையை அளந்த நூல்

எலுல் மாதம் பிறந்ததும் அந்தப் பெண்கள் நூற்கண்டும் கையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் வரும் மாதம் அது. யூதப் புத்தாண்டுக்கு முந்தியது. இன்று உக்ரைன், போலந்து, லித்துவேனியா, பெலாருஸ் எனப் பிரிந்து கிடக்கும் நிலத்தில், யித்திஷ் பேசிய சிற்றூர்கள் பலவற்றில் இருந்த வழக்கம் இது. ஒருத்தி கண்டைப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி நுனியைப் பிடித்தபடி வேலியோரமாக நடப்பாள். நடக்க நடக்க நூல் அவிழும். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் கல்லறைத் தோட்டத்தின் சுற்றளவு அவர்கள் கையில் இருக்கும். சிலர் தோட்டத்தை விட்டுவிட்டுத் தனிக் கல்லறைகளை மட்டும் அளப்பார்கள்: தாயுடையது, பாட்டியுடையது, ஊரில் பேர்பெற்ற ரபியுடையது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நீளம்.

அளந்த நூல் வீட்டுக்கு வந்து திரியாகும். திரிமேல் தேன்மெழுகு ஏறும். அந்த மெழுகுவர்த்தி பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூரில் எரிந்து தீரும். கண்டிலிருந்து கரிவரை அதற்கு ஏறக்குறைய நாற்பது நாள் ஆயுள். யித்திஷில் இதற்கு ‘க்னேத்லெக் லெக்ன்’ என்று பெயர். திரி போடுவது என்று சொல்லலாம். யூத மதத்தின் பெரிய சட்டப் புத்தகங்களில் இதற்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. ஆனால், எழுதப் படிக்கப் பெரிதாக வாய்ப்பில்லாத பெண்கள் தங்கள் மதத்தை எப்படிக் கற்றார்கள், எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால், நான் முதலில் இந்த நூலைத்தான் காட்டுவேன்.

அந்த நாற்பது நாளின் கணக்கு இது. எலுல் முழுவதும் மனிதர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் காலம். அடுத்து வரும் புத்தாண்டான ரோஷ் ஹஷானா அன்று ஒவ்வொருவருக்கும் வரும் ஆண்டுக்கான தீர்ப்பு எழுதப்படுகிறது. பத்தாம் நாள், யோம் கிப்பூர் அன்று, அதன்மேல் முத்திரை விழுகிறது என்பது நம்பிக்கை. தீர்ப்பின் கடுமையைத் தணிக்க மூன்று வழிகள் உண்டென்று அந்த நாட்களின் முக்கியமான ஜெபம் ஒன்று அறிவிக்கிறது: மனந்திரும்புதல், ஜெபம், தர்மம். இந்த மூன்றும் பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான ஜெருசலேம் தல்மூதிலேயே சேர்ந்து வந்துவிட்டவை. ஜெபப் புத்தகங்களை அச்சிட்டவர்கள் இந்த மூன்று சொற்களின் தலைக்கு மேல் பொடி எழுத்தில் வேறு மூன்று சொற்களைப் போடுவார்கள்: நோன்பு, குரல், பணம். எபிரேய எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் இந்த மூன்றும் தனித்தனியே 136 வரும். மூன்றும் ஒரே எடை, ஒன்றைவிட்டு ஒன்றில்லை என்று ஒரு சாமர்த்தியமான கணக்கு.

கீழே ஆண்கள் கூடத்தில் இந்தக் கணக்கெல்லாம் பக்கத்தில் அச்சாகியிருந்தது. மாடத்திலோ பக்கத்து அறையிலோ உட்கார்ந்திருந்த பெண்களில் பலருக்கு எபிரேயம் எழுத்துக்கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. சிலருக்கு எழுத்தும் தெரியாது. ஆகவே அவர்களிடையே ஒருத்தி இருப்பாள். ‘ஸோகெர்கெ’ என்பார்கள். அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் சொல்வார்கள். அழவேண்டிய இடத்தில் அவள் குரல் உடையும், கூடவே எல்லோருடைய குரலும் உடையும். கல்லறைத் தோட்டத்தில் நூல் பிடித்து நடப்பவளும் பல ஊர்களில் இவளைப் போன்றவள்தான்: வயதானவள், பெரும்பாலும் கைம்பெண், ஏழை. அளந்து தருவதற்கு அவளுக்குச் சில காசுகள் கிடைக்கும். அதை வாங்கிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமில்லை, கொடுப்பவளுக்கும் அது தானக் கணக்கில் சேர்ந்துவிடும். வாசலில் பிச்சைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சவ ஊர்வலத்தில், தர்மம் மரணத்திலிருந்து காக்கும் என்ற நீதிமொழியைக் கூவிக்கொண்டு உண்டியல் குலுக்குவது வழக்கமாக இருந்த சமூகம் அது. கல்லறைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவது என்பது கிடையாது.

பெண்ணின் தானத்தைப் பற்றித் தல்மூதில் ஒரு கதை வருகிறது. மார் உக்வா என்ற அறிஞர் ஓர் ஏழையின் கதவிடுக்கில் தினமும் நான்கு காசு வைத்துவிட்டு மறைந்துவிடுவார். ஒரு நாள் மனைவியும் கூடப் போனாள். யார் வைக்கிறார்கள் என்று பார்க்க அந்த ஏழை துரத்திவர, இருவரும் நெருப்பு வாரிய ஓர் அடுப்புக்குள் ஒளிந்தார்கள். கணவரின் கால் சுட்டது, மனைவிக்குச் சுடவில்லை. என் கால்மேல் உம் காலை வைத்துக்கொள்ளும் என்றாளாம். காரணமும் அவளே சொன்னாள்: நான் வீட்டில் இருப்பவள், நான் கொடுப்பது உடனே சாப்பிடக்கூடியது. அவர் கொடுத்தது காசு. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டும். இந்தக் கதையை எழுதிவைத்தவர்கள் ஆண்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நூல் வீட்டுக்கு வந்தபின் நடப்பதுதான் இந்தப் பயணத்தின் நடுப்பகுதி. ரோஷ் ஹஷானாவுக்கும் யோம் கிப்பூருக்கும் இடைப்பட்ட நாட்களில், பல வீடுகளில் யோம் கிப்பூருக்கு முந்திய நாளில், பெண்கள் கூடுவார்கள். அளந்த நூலை மெழுகுவர்த்தியின் நீளத்துக்கு வெட்டுவார்கள். ஒவ்வோர் இழையாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவார்கள். ஓர் இழை வைக்கும்போது ஒரு பெயர். அடுத்த இழைக்கு அடுத்த பெயர். பொதுவாக இரண்டு பெரிய வர்த்திகள்: ஒன்று உயிரோடிருப்பவர்களுக்கு, ஒன்று போனவர்களுக்கு. உயிருள்ளவர்களின் இழைகளை வைக்கும்போது கணவன், பிள்ளைகள், பேரன் பேத்திகள், தூரதேசம் போனவன், படுக்கையில் கிடப்பவள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல். இறந்தவர்களின் வர்த்தியில் குடும்பத்து முன்னோர் வருவார்கள். அவர்களுக்கும் முன்னால் இன்னும் பெரிய முன்னோர் வருவார்கள்.

அந்தப் பெரிய முன்னோரின் வரிசையை அச்சில் ஏற்றியவள் ஒரு பெண். சாரா பஸ் தோவிம் என்று பெயர். பொதோலியாவில், இன்றைய உக்ரைனில் உள்ள சதானோவ் என்ற ஊரோடு தொடர்புள்ளவள், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவள். யித்திஷில் பெண்களுக்கான வேண்டுதல் புத்தகங்களுக்கு ‘த்கினே’ என்று பெயர். 1648-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் சாராவின் ‘மூன்று வாசல்கள்’ அளவுக்குக் கிழக்கே பரவிய த்கினே வேறில்லை என்று சொல்லலாம். மாவிலிருந்து ஒரு பங்கு எடுத்துவைப்பது, மாதவிலக்குக்குப் பின் நீராடித் தூய்மையாவது, சபாத் விளக்கேற்றுவது என்று பெண்களுக்கே உரிய மூன்று கட்டளைகள், புதிய மாதத்தை வரவேற்பது, புத்தாண்டிலிருந்து யோம் கிப்பூர் வரையான அச்ச நாட்கள் ஆகியவற்றுக்கு அதில் வேண்டுதல்கள் உண்டு. திரி போடும் வேண்டுதலும் அதில்தான் இருக்கிறது.

ஆதாமுக்கும் ஏவாளுக்கும் ஓர் இழை. மரணத்தை உலகுக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அதைச் சரிசெய்ய இப்போது எங்களுக்காகப் பேசட்டும் என்ற தொனி. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்கு ஓரோர் இழை. ரெபெக்காளுக்கு ஓர் இழை; தகப்பனின் ஆசீர்வாதம் யாக்கோபுக்குக் கிடைக்கும்படி செய்தவள் அவள் என்பது அங்கே நினைவூட்டப்படுகிறது. பிள்ளைகளுக்காக அழுத ராகேலுக்கு ஓர் இழை. சாராளின் இழையை வைக்கும்போது சொல்லப்படுவதை மட்டும் நான் சற்று நின்று பார்க்கவேண்டும். அவள் மகன் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோனபோது அவள் பட்ட வேதனையின் பொருட்டு, எங்கள் பிள்ளைகளை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே என்று அங்கே கேட்கிறார்கள்.

இதில் என்ன வியப்பு என்றால், ரோஷ் ஹஷானாவின் இரண்டாம் நாள் ஜெப ஆலயத்தில் வாசிப்பதும் இதே கதைதான். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம். அங்கே ஆபிரகாம் இருக்கிறான், ஈசாக்கு இருக்கிறான், கழுதை இருக்கிறது, விறகு இருக்கிறது, புதரில் சிக்கிய ஆட்டுக்கடாவும் இருக்கிறது. சாராளின் பெயர் அந்தக் கதையில் ஓரிடத்திலும் வராது. அடுத்த அதிகாரத்தில் அவள் செத்துப்போகிறாள். செய்தி கேட்டுத்தான் உயிர் போனது என்று பழைய உரைகாரர்கள் இணைத்துச் சொன்னார்கள். ஆபிரகாமின் கீழ்ப்படிதலைக் கடவுளுக்கு நினைவூட்டுவதுதான் ஆண்கள் கூடத்தின் வேண்டுதல். நூல் போடும் பெண் நினைவூட்டுவது தாயின் நடுக்கத்தை. வேதத்தில் விட்டுப்போன ஆளை அவள் ஓர் இழையால் கொண்டுவந்து உட்காரவைக்கிறாள். இதைவிட நுட்பமான வேத விளக்கத்தைப் பெரிய பள்ளிகளில் தேடினாலும் கிடைப்பது அரிது.

பெயர் தெரிந்தவர்களோடு சாராவின் பட்டியல் நின்றுவிடவில்லை. உலகம் தோன்றிய நாள்முதல் இறந்த எல்லோருக்கும், வயல்களிலும் காடுகளிலும் கிடக்கும் ஆன்மாக்களுக்கும், மதத்துக்காகக் கொல்லப்பட்டவர்களுக்கும், நினைத்துப் பார்க்கப் பிள்ளை என்று எவரும் இல்லாதவர்களுக்கும் அவள் இழை கேட்கிறாள். 1648-இல் தொடங்கிய க்மெல்னித்ஸ்கி கிளர்ச்சியில் உக்ரைனின் யூத ஊர்கள் பல அழிந்து இரண்டு மூன்று தலைமுறை கழித்து எழுதியவள் அவள். பொதோலியாவில் காட்டில் கிடந்த பிணம் என்பது வெறும் பேச்சில்லை.

அவளைப் பற்றி அவளே சொல்லிக்கொண்டது இன்னொரு வகையில் சுவையானது. வசதியான, படித்த குடும்பம். கொள்ளுப்பாட்டனார் பிரிஸ்க் நகரத்து ரபி. இளம்வயதில் நகை நட்டெல்லாம் பூட்டிக்கொண்டு ஜெப ஆலயத்துக்கு வருவாளாம். ஜெபம் நடக்கும்போது சிரிப்பும் கும்மாளமும் வம்புப்பேச்சுமாக இருப்பாளாம். அதற்குத் தண்டனையாகத்தான் முதுமையில் ஊர் ஊராக அலையும்படி ஆகிவிட்டது என்கிறாள். என்னைப் பார்த்துத் திருந்துங்கள், ஆலயத்தில் பேசாதீர்கள் என்று வாசகியிடம் கெஞ்சுகிறாள். மூன்று வழிகளில் முதல்வழியை அவள் உபதேசமாகச் சொல்லாமல் தன் தலைமேல் போட்டுக்கொண்டாள். எத்தனையோ அறநூல்கள் மறைந்துபோக இந்தச் சில பக்கங்கள் கிழிந்து கிழிந்து மறுபடி மறுபடி அச்சானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாரா எங்கே படித்தாள்? அவளுடைய சொர்க்கத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அங்கே நல்ல பெண்களுக்கென்றே ஆறு மாளிகைகள். மோசேயை நதியிலிருந்து எடுத்து வளர்த்த பார்வோன் மகள், ஆசேரின் மகள் செராகு, மோசேயின் தாய் யோகெபேத், தெபோராள் என ஒவ்வொருவர் தலைமையிலும் ஒரு கூட்டம். இந்தக் காட்சி ‘ஸோஹார்’ என்ற ஞானநூலில் இருக்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு எட்டாத அராமிய மொழி. அதை ட்ஸ்வி ஹிர்ஷ் கோட்ஷ் என்பவர் யித்திஷில் சுருக்கி 1711-இல் வெளியிட்டார். அதிலிருந்து எடுத்துத் தன் போக்கில் மாற்றி அடுப்படிக்குக் கொண்டுவந்தாள் சாரா.

அவளுக்கு முன்னும் இப்படிப் பெண்கள் இருந்தார்கள். ரிவ்கா திக்தினர் பிராகில் 1605-இல் இறந்தாள். அவள் எழுதிய அறநூல் 1609-இல் அச்சேறியது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் பிரசங்கம் செய்தவள் என்று அவளை நினைவுகூர்கிறார்கள். சாராவுக்குச் சற்றுப் பிந்தியவள் பொலெகோவ் ஊர் லேயா ஹொரோவித்ஸ். அவள் தல்மூதே படித்தவள். பாடம் புரியாமல் திணறிய சிறுவனுக்கு எடுத்துச்சொல்லி உதவியிருக்கிறாள். அந்தச் சிறுவன் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில்தான் இது நமக்குத் தெரிகிறது. அவளுடைய த்கினேயில் எபிரேய முன்னுரை, அராமியச் செய்யுள், யித்திஷ் உரை மூன்றும் இருந்தன. பெண்ணின் கண்ணீருக்கு உலகத்தை மீட்கும் வல்லமை உண்டு, அதை வீட்டுக் கவலைக்கு மட்டும் செலவழிக்காதீர்கள் என்பது அவள் வாதம். பின்னால் வந்த அச்சுக்காரர்கள் முன்னுரையையும் செய்யுளையும் வெட்டிவிட்டு யித்திஷை மட்டும் விற்றார்கள். பெண்கள் புத்தகத்துக்கு எபிரேயம் எதற்கு என்ற கணக்கு. அவள் வாதத்தின் பலமெல்லாம் அந்த முன்னுரையில்தான் இருந்தது.

நூலின் பூர்வீகம் இன்னும் பின்னால் போகிறது. ரைன் நதிக்கரையில் உள்ள வோர்ம்ஸ் நகரில் 1196-இல் தோல்சே என்ற பெண்ணை வீடு புகுந்து கொன்றார்கள். இரண்டு மகள்களும் கொல்லப்பட்டார்கள். கணவர் எலெயாசர் அந்தக் காலத்தின் பெரிய ரபி. அவர் எழுதிய இரங்கற்பாவில், அவள் வாழ்க்கை முழுவதும் நூலாக ஓடுகிறது. தோரா எனும் வேதச் சுருள்களின் தோல்களை இணைத்துத் தைத்தாள். சுமார் 40 சுருள்கள் என்று கணக்குச் சொல்கிறார். ஜெப ஆலயத்துக்கும் பள்ளிக்கும் விளக்குத்திரி செய்தாள். யோம் கிப்பூருக்கு மெழுகுவர்த்தி தயாரித்தாள். ஊர்ப்பெண்களுக்கு ஜெபமும் பாட்டும் கற்றுக்கொடுத்தாள். அதோடு வட்டித்தொழில் நடத்திக் கணவரையும் மாணவர்களையும் காப்பாற்றினாள். அதே ஊரில் பெண்களுக்கென்று தனி ஜெபக்கூடம் 1213 வாக்கில் எழுந்தது. தோல்சே கல்லறையை நூலால் அளந்தாளா என்பதற்கு அந்தப் பாட்டில் குறிப்பில்லை. ஆனால் திரி செய்யும் கையும், ஜெபம் சொல்லிக்கொடுக்கும் வாயும் ஒருத்தியிடமே இருந்ததைப் பாருங்கள். 500 ஆண்டுக்கு மேல் கழித்துப் பொதோலியாவிலும் அப்படித்தான்.

ரபிகளுக்குக் கல்லறை விஷயத்தில் எப்போதும் ஒரு தயக்கம் இருந்தது. செத்தவர்களிடம் குறி கேட்காதே என்று உபாகமம் தடுக்கிறது. பஞ்சத்தில் நோன்பிருக்கும்போது ஏன் கல்லறைக்குப் போகிறோம் என்று தல்மூதில் ஒரு கேள்வி. ஒருவர், நாங்களும் செத்தவர்கள் போலத்தான் என்று காட்டுவதற்கு என்கிறார், மற்றவர், செத்தவர்கள் நமக்காக இரக்கம் கேட்பதற்கு என்கிறார். மைன்ஸ் நகரத்து மஹரில், 1427-இல் இறந்தவர், நடுவழி சொன்னார்: கல்லறைக்குப் போகலாம், புனிதர்கள் படுத்திருக்கும் இடத்தில் ஜெபம் கூடுதலாகக் கேட்கப்படும், ஆனால் அவர்கள் பொருட்டுக் கடவுளிடம் கேளுங்கள், அவர்களையே கேட்காதீர்கள். நூல் பிடித்து நடந்த பெண்கள் இந்த வேலியை எவ்வளவு மதித்தார்கள் என்றால், அவ்வளவாக மதிக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அவர்கள் இறந்த தாயைப் பெயர்சொல்லி எழுப்பினார்கள். படுத்திருக்கும் நேரமா இது, பேத்திக்குக் காய்ச்சல், எழுந்து போய்ச் சொல் என்று உரிமையோடு சண்டை போட்டார்கள். கொள்ளைநோய் வந்தாலும், பிரசவம் சிக்கலானாலும், எலுல் இல்லாத மாதத்திலும் நூற்கண்டு எடுத்தார்கள்.

ஜெபத்தின் சட்டத்தையே ஒரு பெண்ணிடமிருந்து கற்ற மதம் இது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் உதடு மட்டும் அசைய வேண்டினாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தான். ஜெபம் எப்படிச் செய்யவேண்டும், எவ்வளவு சத்தத்தில், எப்படிப்பட்ட மனத்தோடு என்பதற்கெல்லாம் தல்மூதின் ரபிகள் எடுத்துக்கொண்ட முன்மாதிரி அவள்தான். அவள் கதை ரோஷ் ஹஷானாவின் முதல்நாள் வாசிக்கப்படுகிறது.

மெழுகேற்றுவது கைவேலை. தேன்மெழுகை வெதுவெதுப்பாக்கிப் பிசைந்து, திரிக்கற்றையைச் சுற்றி உருட்டித் திரட்டுவார்கள். யோம் கிப்பூர் 25 மணி நேரம். அதுவரை தாங்கவேண்டும் என்பதால் வர்த்தி கைத்தடி மாதிரி தடிமனாக இருக்கும். மார்க் ஷகாலின் மனைவி பெல்லா, வீதெப்ஸ்க் வீட்டில் தன் தாய் இந்த வர்த்திகளுக்கு நூலிழுத்ததை யித்திஷில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் புத்தகம் அவர் இறந்தபின் 1945-இல் நியூயார்க்கில் வந்தது.

மாலையில் வர்த்தி ஜெப ஆலயத்துக்குப் போகும். எது ஆலயத்தில், எது வீட்டில் என்பது ஊருக்கு ஊர் மாறும். மணல் நிரப்பிய பெட்டிகளில் நூற்றுக்கணக்கில் நட்டுவைத்திருப்பார்கள். மெழுகு வாசம், வெள்ளை அங்கி, தோல்செருப்பில்லாத கால்கள், தரையில் பரப்பிய வைக்கோல். வைக்கோலும் தீயும் ஒரே கூடத்தில் என்றால் யாருக்கும் பயம் வரும். தானமும் இங்கேதான் நிறைவடைகிறது: ஒருத்தி கொண்டுவந்த வெளிச்சத்தில் ஊரே இரவெல்லாம் புத்தகம் பார்த்து ஜெபிக்கிறது. அவள் அறியாத எழுத்தையும் அந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறார்கள். வர்த்தி நடுவில் அணைந்துவிட்டால் பெண்களுக்கு வயிற்றில் புளி கரையும். அந்த ஆண்டில் வீட்டில் ஓர் உயிருக்குக் கேடு என்று நம்பினார்கள். கிராக்கவ் நகரத்து ரபி மோசே இஸெர்லெஸ், 1572-இல் இறந்தவர், தம் சட்டக் குறிப்பில் இதற்கு மாற்று சொல்லிவைத்தார்: அணைந்தால், நாள் முடிந்தபின் மறுபடி ஏற்றி முழுக்க எரியவிடுங்கள். பயத்தைக் கேலி செய்யாமல் அதற்கொரு பரிகாரம் கொடுத்தார். நல்ல மனிதர்.

கேலி செய்ய ஆட்கள் 19-ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். ஐரோப்பியக் கல்வி பெற்ற யூதச் சீர்திருத்தக்காரர்களுக்கு நூற்கண்டுக் கிழவி மூடநம்பிக்கையின் உருவம். ஆனால் வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே. ஜார் அரசு 1836-இல் இரண்டைத் தவிர மற்ற எபிரேய அச்சகங்களை எல்லாம் மூடிவிட்டது. எஞ்சிய இரண்டில் ஒன்றான வில்னா அச்சகம் பெண்களுக்கான மலிவுப் புத்தகங்களை அள்ளி விற்றது. அந்தச் சீர்திருத்தக்காரர்களில் சிலரே காசுக்காகப் புதிய த்கினேக்களை எழுதி, அட்டையில் சாரா பஸ் தோவிம் என்று போட்டார்கள். இப்படிப் பெயர் பெருகப் பெருக, அப்படியொரு பெண் இருந்திருக்கவே மாட்டாள், கட்டுக்கதை என்று பிந்தைய அறிஞர்கள் சந்தேகப்படத் தொடங்கினார்கள். அவளை மறைத்தது அவள் புகழ்தான். கதாசிரியர் பெரெத்ஸ் அவளை ஒரு தேவதையாகவே ஆக்கிக் கதை எழுதினார். அவள் வாழ்ந்தாள் என்பதை மறுபடி நிலைநிறுத்தப் பிற்கால ஆய்வுகள் வேண்டியிருந்தன. அதில் ஹாவா வெய்ஸ்லரின் 1998-ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு.

இப்படிப்பட்ட வழக்கங்களை அழியுமுன் எழுதிவைக்க முயன்றவரும் உண்டு: 1912 முதல் 1914 வரை வொலீனியா, பொதோலியா ஊர்களில் அலைந்து நாட்டார் வழக்கங்களைச் சேகரித்தார் எழுத்தாளர் ஆன்-ஸ்கி. பிறப்பிலிருந்து இறப்புக்கு அப்பால் வரை 2,087 கேள்விகள் கொண்ட ஒரு கேள்விப்பட்டியலையும் தயாரித்தார். பதில்கள் வந்துசேருமுன் உலகப்போர் வந்துவிட்டது.

பெண்களின் கல்வி அப்போது வேறு கைக்கு மாறிக்கொண்டிருந்தது. கிராக்கவில் சாரா ஷெனிரெர் என்ற தையல்காரி 1917-இல் 25 சிறுமிகளோடு ஒரு மதப்பள்ளி தொடங்கினாள். உடைக்கு அங்குலம் அங்குலமாக அளவு பார்க்கும் பெண்கள் ஆன்மாவின் உடையைக் கவனிப்பதில்லையே என்பது அவளுடைய ஆதங்கம். தாய்மார்கள் த்கினே பிடித்து அழுதுகொண்டிருக்க, மகள்கள் போலிஷ் நாவல் படித்துக்கொண்டிருந்த காலம். பேத் யாக்கோவ் என்ற அவளுடைய பள்ளிகள் இருபதே ஆண்டில் நூற்றுக்கணக்கில் பெருகின. அங்கே சிறுமிகள் வேதத்தை எபிரேயத்திலேயே படித்தார்கள். நூற்கண்டு பாடத்திட்டத்தில் இல்லை. எனக்கு இதில் சற்று வருத்தம் உண்டு. ஆனால் எழுத்தறிவுக்கும் நூற்கண்டுக்கும் இடையில் அந்தச் சிறுமிகள் எதைத் தேர்ந்திருக்கவேண்டும் என்று கேட்டால் வாதாட மாட்டேன். ஷெனிரெர் 1935-இல் இறந்தாள். அவளைப் புதைத்த தோட்டத்தை நாஜிகள் இடித்து அதன்மேல் ப்வாஷோவ் வதைமுகாமைக் கட்டினார்கள். கல்லறைக் கற்களை உடைத்துப் பாதைக்குப் போட்டார்கள். அளக்க ஆளும் இல்லை, அளக்கக் கல்லும் இல்லை.

கப்பலேறியவர்களோடு நியூயார்க் போன த்கினேக்கள் அங்கே சில காலம் அச்சாயின. கல்லறைத் தோட்டம் அங்கே ஊருக்கு வெளியே, ரயிலேறிப் போகவேண்டிய தூரத்தில். நூலின் இடத்தைக் கடையில் விற்கும் 24 மணி நேரக் கண்ணாடிக்குவளை மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டது. யோம் கிப்பூருக்கு இன்றும் வீடுகளில் அதை ஏற்றுகிறார்கள். பெயர் சொல்லி ஏற்றுகிறார்கள், திரி மட்டும் ஆலையிலிருந்து வருகிறது. பெத்லகேம் அருகே ராகேலின் கல்லறையில் வேறொரு கிளை பிழைத்திருக்கிறது: சிவப்பு நூலைக் கல்லறையைச் சுற்றி ஏழுமுறை சுற்றி, துண்டு துண்டாக வெட்டி மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. பிள்ளை வேண்டியும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் அங்கே போகிறார்கள். அந்த நூல் எரிவதில்லை. கட்டிக்கொண்டவளைத் தவிர யாருக்கும் அதனால் வெளிச்சமும் இல்லை. பரம்பரை ஒன்றானாலும் தானம் விட்டுப்போன கிளை என்பேன்.

சில ஆண்டுகளாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் யித்திஷ் கற்கும் இளைய தலைமுறை, பெரும்பாலும் பெண்கள், பழைய த்கினேக்களைத் தூசிதட்டிப் பழைய வேலையை மறுபடி தொடங்கியிருக்கிறது. பருத்தி நூல் வாங்குகிறார்கள், எலுலில் கல்லறைத் தோட்டங்களைச் சுற்றுகிறார்கள், வட்டமாக உட்கார்ந்து இழை போடுகிறார்கள், தேன்மெழுகில் உருட்டுகிறார்கள். ஆதாம் ஏவாள் தொடங்கி ராகேல் வரை சாராவின் வரிசையைச் சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டிமார் பெயரைச் சேர்க்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயருக்கு மேல் தெரியாது. ஊர் தெரிந்தாலும் கல்லறை கிடையாது, காட்டோரத்தில் ஒரு குழி என்பது மட்டும் தெரியும். அந்த இடத்துக்கு அவர்கள் புதிதாக எதுவும் எழுதவேண்டியிருக்கவில்லை. வயல்களிலும் காடுகளிலும் கிடப்பவர்களுக்கு என்று சாரா எழுதிவைத்த இழை இருந்தது, அதையே போடுகிறார்கள்.